யார்கிட்ட இருக்காங்க?

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா மகள், இலையில் பாயசம் விழுந்த கையோடு கேட்டாள்: "அம்மா இப்போ யார்கிட்ட இருக்காங்க?" கோவில்பட்டியில் இருக்கிறாள் என்றேன். "அது சரி, யார்கிட்ட?" என்றாள் மறுபடியும். "யார்கிட்டயும் இல்லக்கா, அவ வீட்டுல இருக்கா" என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குள்ள என்ன பிரச்சினை?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்கறையோடுதான் கேட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. இன்னும் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால், "யார்கிட்ட இருக்கு" என்று நாம் எதையெல்லாம் கேட்கிறோம்? பத்திரம் யார்கிட்ட இருக்கு, பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு, அம்மாவோட வளையல் யார்கிட்ட இருக்கு. மனிதர்களில் கைக்குழந்தையை அப்படிக் கேட்போம். அப்புறம் வயதானவர்களை. என்னைப் பற்றி விசாரிப்பவர்கள் "இப்போ எங்க இருக்கா" என்றுதான் கேட்கிறார்கள். எந்த வயதில், எந்த நாளில் ஒருவர் "எங்க" என்பதிலிருந்து "யார்கிட்ட" என்பதற்கு மாறுகிறார்? அப்பாவுக்கு அந்த நாள் வரவே இல்லை. எண்பது வயதில், தன் வீட்டுக் கட்டிலில் தவறினார். அம்மாவுக்கு அது எந்த நாள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி. மாற்றியவர்களில் நானும் ஒருத்தி.

முறை

2018. முற்றத்தில் பாயை விரித்துப் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பேசினோம். அண்ணன் தாம்பரத்தில், தம்பி கோவையில், நான் மதுரையில். அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சித்திரையிலிருந்து ஆடி வரை அண்ணன் வீடு, ஆவணியிலிருந்து கார்த்திகை வரை தம்பி வீடு, மார்கழியிலிருந்து பங்குனி வரை என் வீடு. மகள் வீட்டில் நாலு மாதம் தங்குவதா என்று அத்தை ஒருத்தி லேசாக முனகினாள். அண்ணனே அதை அடக்கிவிட்டான். வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தை அம்மா கணக்கிலேயே போட்டுவிடுவது என்று முடிவானது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சத்தம் எழவில்லை, கண்ணீர் இல்லை. மற்ற வீடுகளில் நடக்கிற கூத்தையெல்லாம் பார்த்திருந்ததால், எங்களைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டுவந்து கொடுத்தபோது, "பேசிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலரை வருடம் அந்த முறை பிசகாமல் நடந்தது. அம்மாவுக்கு நீல நிறத்தில் ஒரு ஏர்பேக் உண்டு. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பீரோவில் இரண்டு தட்டைக் காலி செய்து வைப்பேன். அவள் அடுக்கவே மாட்டாள். "இருக்கட்டும்மா, மறுபடியும் எடுத்து வைக்கணும்ல" என்பாள். பையைக் கட்டிலுக்கடியில் வைத்து, வேண்டியதை எடுத்து உடுத்தி, துவைத்து மடித்து அதிலேயே திருப்பி வைப்பாள். கோவையிலும் தாம்பரத்திலும் இதே கதைதான் என்று பின்னால் பேசிக்கொண்டபோது தெரிந்தது. மூன்று பேருமே தனித்தனியாக அதைக் கவனித்திருக்கிறோம். மூன்று பேருமே அம்மாவின் பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. கீரை ஆயட்டுமா என்று கேட்பாள். "நீ சும்மா இரும்மா" என்பேன். துணி மடிக்கட்டுமா? சும்மா இரும்மா. ஐம்பது வருடம் ஒரு வீட்டை நடத்தியவளிடம் பாசத்தோடு நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை அதுதான். மூன்று வீடுகளிலும் அவளுக்குச் சோறு இருந்தது, ஃபேன் இருந்தது, டிவி இருந்தது, மரியாதை இருந்தது. அவள் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலை என்று ஒன்றுகூட இல்லை.

ஒரே மாத்திரை, இரண்டு பெயர்

2022 மார்கழி. கோவையிலிருந்து அம்மா என் வீட்டுக்கு வந்து ஒன்பதாவது நாள், விடிகாலை மூன்று மணிக்குப் பாத்ரூமுக்குப் போக எழுந்தவள் வாசற்படியிலேயே சரிந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினோம். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பு முறிவு.

கோவை டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மதுரையில் நான் வழக்கமாகக் கூட்டிப்போகும் டாக்டர், முந்தைய வருடம் எழுதியதையே தொடரச் சொல்லியிருந்தார். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பெயர், வேறு வேறு நிற அட்டை. உள்ளே இருந்தது ஒரே மருந்து, அம்லோடிபின். தம்பி வாங்கிக் கொடுத்ததையும் நான் வாங்கிக் கொடுத்ததையும் அம்மா விடாமல் சாப்பிட்டாள். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்று நினைக்கிறவள் அவள். கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன், பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்ததால் என்று நினைத்தேன். எழுந்தால் கிறுகிறுப்பாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னாள். பயணக் களைப்பு என்றேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்த டாக்டர், இதனால்தான் விழுந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார், ஆனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கியிருக்கலாம் என்றார். எனக்கு அது போதும். மூன்று ஊர், மூன்று டாக்டர், மூன்று ஃபைல். அம்மாவைப் பற்றிய முழு விவரம் எங்கள் ஒருவரிடமும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இப்படி முறை வைத்திருந்தால், இன்றைக்கே மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாம் நாள் ஆபரேஷன். பந்துக்கிண்ண மூட்டில் பந்தை மட்டும் மாற்றி வைத்தார்கள். அன்று ராத்திரி அம்மா குழம்பிப்போனாள். அப்பாவைக் கூப்பிட்டாள், கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கினாள், என்னைப் பார்த்து "நீ யாரு தாயி?" என்று கேட்டாள். நான் ஆடிப்போனேன். நைட் டியூட்டி நர்ஸ்தான் கேட்டது: "பாட்டி கண்ணாடி போடுவாங்களா?" கண்ணாடி நீலப் பையில், வீட்டில் இருந்தது. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படிக் குழப்பம் வருவது சாதாரணம் என்றும், கண்ணாடி, காது மிஷின், பகல் வெளிச்சம், தெரிந்த முகம் எல்லாம் மருந்து மாதிரி என்றும் அந்தப் பெண் சொன்னாள். விடிவதற்குள் என் வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார். மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஏன் நீ இன்னும் சாப்பிடலயா?" என்றாள் என்னிடம்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் பிசியோதெரபி தம்பி ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் மூன்று பேரும் அறையில் இருந்தோம். அடுத்து அம்மா யார் வீட்டுக்கு என்பதைத்தான் வராந்தாவில் பேசிவிட்டு வந்திருந்தோம். என் முறை முடியப் பங்குனி வரை இருக்கிறது, ஆனால் என் வீடு மாடியில். அண்ணன் வீட்டில் லிஃப்ட் உண்டு. தம்பி வீட்டில் ஆள் இருக்காது. அந்தப் பையன் நோட்டைத் திறந்து, பொதுவாகத்தான் கேட்டார்: "வீட்டுக்குள்ள போக எத்தனை படி ஏறணும்?" அண்ணன், "லிஃப்ட் இருக்கு, ஆனா கீழ..." என்று ஆரம்பித்தான். அதே நேரத்தில் நானும், "பதினெட்டுப் படி, நடுவுல..." என்றேன்.

கட்டிலிலிருந்து அம்மா சொன்னாள்: "மூணு படி."

எல்லோரும் திரும்பினோம். "மூணு படிதான் தம்பி. ரெண்டாவது கொஞ்சம் ஒசரம். கைப்பிடி கிடையாது. இடது பக்கம் தூண் இருக்கு, அதைப் பிடிச்சு ஏறிருவேன்."

எங்கள் மூன்று வீடுகளில் எதற்கும் மூன்று படி இல்லை. கோவில்பட்டி வீட்டுக்குத்தான் மூன்று படி. முதலில் எனக்கு, ராத்திரிக் குழப்பம் திரும்பிவிட்டதோ என்றுதான் பயம் வந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். பார்வை தெளிவாக இருந்தது. அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. "மூணு படி, இடது கைத் தூண்" என்று எழுதிக்கொண்டு, அம்மாவை வாக்கரோடு மெதுவாக மாடிப்படி வரைக்கும் நடத்திப்போனார். "ஏறும்போது நல்ல கால் முதல்ல பாட்டி. இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல." அம்மா மூன்று படி ஏறினாள், மூன்று படி இறங்கினாள், வியர்த்துப்போய் நின்றாள். அவர் இன்னும் ஒரு படி ஏறலாமா என்றதற்கு, "வேண்டாம், மூணு போதும்" என்றாள்.

அண்ணன் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அறுபது வயது மனிதன். "நாம யாரும் அவகிட்டக் கேட்கவே இல்லல்ல?" என்றான்.

அதைத்தான் நான் மூன்று வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஏற்பாடு நியாயமானது. யாருக்கு நியாயம்? எங்கள் மூன்று பேருக்கு. ஒருவருக்குக் கூடாமல் ஒருவருக்குக் குறையாமல், மாதக்கணக்கு பார்த்து, பாரத்தைச் சமமாகப் பிரித்திருந்தோம். பிரிக்கப்பட்டவள் அவள் என்பது எங்கள் கணக்கில் வரவே இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வது பற்றி நாங்கள் பேசியதெல்லாம் எங்களைப் பற்றிய பேச்சு.

வீடு

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. தம்பி கடுமையாக எதிர்த்தான். மூன்று பிள்ளைகள் இருந்தும் கிழவியைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்றான். பேசுகிறது, கல்யாணப் பந்தியில் கேட்டேனே. ராத்திரி மறுபடியும் விழுந்தால் என்ன செய்வது என்ற அவனுடைய இன்னொரு கேள்வி மட்டும் நியாயமானது. அதற்குத்தான் பதில் தேட வேண்டியிருந்தது.

குடியிருந்த டீச்சர் குடும்பத்துக்கு அவகாசம் கொடுத்து, அம்மா என் வீட்டிலேயே பங்குனி வரை இருந்தாள். அதற்குள் கோவில்பட்டியில் கொத்தனாரை விட்டு வேலை நடந்தது. வெஸ்டர்ன் கக்கூஸ், அதுவும் உயரமாக. மூட்டு மாற்றியவர்கள் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, தாழ்வான இடத்திலும் உட்காரக் கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி. வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். பாத்ரூம் கதவை உள்பக்கம் திறப்பதிலிருந்து வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. உள் தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டோம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை விடிய விடிய எரிகிற சின்ன விளக்கு. எழுந்ததும் நடக்காமல் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதை மட்டும் அம்மாவுக்கு எழுதியே ஒட்ட வேண்டியிருந்தது. எல்லாமாகச் சேர்ந்து ஆன செலவு, ஆபரேஷன் பில்லில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. விழுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய செலவு.

பகலுக்குத் துணையாகப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வருகிறார். இருபது வருடத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர், ஐம்பத்திரண்டு வயது. ராத்திரி அவருடைய நாத்தனார் வந்து படுத்துக்கொள்கிறார். ஏஜென்சி மூலமாக ஆள் வைப்பதையும் ஒரு மாதம் மதுரையில் செய்து பார்த்தோம். வாரத்துக்கு ஒரு முகம் வந்தது. அம்மாவுக்குப் பேர் மனதில் நிற்பதற்குள் ஆள் மாறிவிடும். இங்கே அந்தக் குறை இல்லை. டாக்டர் ஒருவர்தான், ஃபைல் ஒன்றுதான், மாத்திரைப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்திருப்பதால், பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும், வலி தணிக்கும் சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. வசதியானவர்கள் இதை நமக்கில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டாம்.

முறை இப்போதும் உண்டு. ஆனால் பயணம் செய்கிறவர்கள் நாங்கள். மாதத்தில் ஒரு வாரமாவது மூன்று பேரில் ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறோம். போகும் ஆள் ஏர்பேக்கோடு போகிறோம். அம்மா காலையில் கீரைக்காரியிடம் விலை பேசுகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆச்சி ஆகிவிட்டாள், அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாவி வாங்கிப்போகிற வீடு இதுதான். நான் போகும் வாரத்தில் என்னை வேலை ஏவுகிறாள்.

இது எல்லோருக்கும் வாய்க்காது என்று எனக்குத் தெரியும். அப்பா அரசுப் பள்ளி வாத்தியார், அதனால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சொந்த வீடு இருக்கிறது, அதுவும் தரையில். அம்மாவுக்கு மறதி நோய் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். அப்போதுகூட "மூணு படி" மாதிரி ஏதோ ஒன்றை அவள் சொல்லியிருப்பாள் என்றுதான் நம்புகிறேன்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

நான் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். முதுமை என்பதைப் பணமாகவும் கையெழுத்தாகவும் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம், பேச்சு மூச்சில்லை, ஏடிஎம் பின் நம்பர் தெரியாது, கணக்கு அவர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது என்று வந்து நிற்பார்கள். நினைவோடு இருந்து கை மட்டும் வராதவர் என்றால் வழி உண்டு. கைநாட்டு, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி. நானே ஆஸ்பத்திரிக்கு மைப்பெட்டியோடு போயிருக்கிறேன். நினைவே இல்லாதவர் என்றால் என்ன செய்வது? "பவர் எழுதி வாங்கி வெச்சிருக்கோம் மேடம்" என்று நம்பிக்கையோடு நீட்டுவார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். எந்த நேரத்துக்காக எழுதி வைத்தார்களோ அந்த நேரத்தில் அது உதவாது. அப்புறம் உயர் நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் வாங்கி வர வேண்டும். 2024-இல் கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவி, சிகிச்சைக்காகச் சொத்தை விற்க அப்படித்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வரை போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இருவரில் எவரும் எடுக்கலாம் என்று கணக்கைச் சேர்த்துப் போட ஒரே ஒரு படிவம்தான் வேண்டும். அதை நான் எத்தனை பேரிடம் நீட்டியிருக்கிறேன். "இப்ப என்ன அவசரம்" என்பார்கள்.

செட்டில்மெண்ட் பத்திரம் அடுத்தது. உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டால் பின்னால் சண்டை வராது என்று எழுதிவிடுகிறார்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மெண்டை அப்படி மாற்ற முடியாது. 2007-ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்க்காமல் விட்டால், கோட்டாட்சியரிடம் மனு போட்டு ரத்து செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு தாயின் வழக்கில், அதே நீதிமன்றம் தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்தத் தாயிடம் மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஒன்று இருந்தது. நம் ஊரில் பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனை எழுதுவதாவது என்று கூசுவார்கள். அந்தக் கூச்சத்தை விடச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன். ஒரே ஒரு வரி போதும். அம்மா வீடு இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது. அண்ணனே உயில் போதும் என்று சொல்லிவிட்டான்.

எண்ணெய்

2024 தை மாதம், அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் திருநெல்வேலியில் பதினெட்டு நாள் வென்டிலேட்டரில் இருந்து போனார். துக்கம் கேட்டுவிட்டு வந்த அம்மா, "எனக்கு அந்தக் குழாயெல்லாம் வேண்டாம்" என்றாள். வெறும் வாயால் சொன்னால் அந்த நேரத்தில் நாங்கள் யாரும் கேட்க மாட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவளிடம் அந்தப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். மீள வழியில்லாத கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை, நல்ல நினைவு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் எழுத வேண்டும் என்று இருந்ததால் ஏறக்குறைய யாருமே செய்யவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும் என்றார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "இது அந்த எண்ணெய் தேய்ச்சு விடுற மாதிரியா?"

எங்கள் பக்கத்து ஊர்களில் அது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலைக்கூத்தல். படுத்த படுக்கையான கிழவிக்கோ கிழவனுக்கோ உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். சின்ன வயதில் அம்மாவின் ஊரில் அப்படி ஒரு கிழவி போனதை அவள் பார்த்திருக்கிறாள். "அந்தக் கிழவிக்குத் தெரியும், அன்னைக்கு ஏன் எண்ணெய் தேய்க்கிறாங்கன்னு. தெரிஞ்சும் தலையைக் குடுத்துச்சு" என்றாள். இத்தனை வருடத்தில் என்னிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை.

நான் விளக்கினேன். அது மற்றவர்கள் முடிவு செய்வது, இது நீ சொல்வது. அதில் உயிரை எடுக்கிறார்கள். இதில் யாரும் எதையும் எடுப்பதில்லை, வலிக்கு மருந்து நிற்காது, தண்ணீர் நிற்காது, துடைத்துவிடுவது நிற்காது. டாக்டர்கள் குழு ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துச் சொன்னால்தான் மிஷினை நிறுத்துவார்கள். நாளைக்கே மனம் மாறினால் கிழித்துப் போடலாம். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே உறுத்தியது. முறை வைத்துப் பிரித்த ராத்திரியில் நாங்கள் கேட்காததைத்தான் இப்போது இந்தப் பத்திரத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நமக்குப் பதிலாக முடிவெடுப்பவர் பெயரை அதில் எழுத வேண்டும். அண்ணன் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் என் பெயர். அம்மா தம்பி மனைவியின் பெயரைச் சொன்னாள். "நீங்க மூணு பேரும் அழுவீங்க. அவ அழ மாட்டா. நான் சொன்னதைச் சொல்லுவா." நாலரை வருடம் வீடு வீடாகப் போனபோது, எங்களை ஒவ்வொருவராக அவளும் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். தம்பி மனைவியிடம் போனில் சொன்னபோது, அவள் அழத்தான் செய்தாள். அப்புறம் சரி என்றாள்.

எழுதும்போது அம்மா தானாக இரண்டு வரி சேர்த்தாள். கண்ணாடியைக் கழற்றக் கூடாது. சாயந்தரம் வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும். நோட்டரி அதைப் பார்த்துவிட்டு இதெல்லாம் இதில் தேவையில்லையே என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். அம்மா, "இருக்கட்டும் சார்" என்றாள். இருக்கிறது.

இனி வருகிறவர்கள்

எனக்கு ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள். முறை வைக்க அவளுக்கு யாரும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் குறைவாகி வெகுநாள் ஆகிறது. 2021 மதிப்பீட்டின்படி இங்கே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். 2031-இல் அது பதினெட்டைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மாடி வீட்டை விற்றுவிட்டுத் தரை வீடு பார்க்கிறோம். கால் நன்றாக இருக்கும்போதே மாறிவிட வேண்டும். மகளிடம், "எங்களை யார் பார்த்துப்பா" என்று கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கே இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்பதை நாங்கள் சொல்கிறோம். அதில் அவளால் முடிந்தது எது என்று அவள் சொல்லட்டும். இன்னும் பேசி முடியவில்லை. போனில் அந்தப் பேச்சு எடுத்தாலே அவள் வேறு பேச்சுக்குத் தாவுகிறாள். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் தாவினேன்.

ஐப்பசியில் என் முறைக்குப் போயிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். துணைக்கு வருகிறவர் குடையை விரித்துக்கொண்டு அந்த மூன்று படியில் இறங்கிப் போனார். முட்டி வலி, ஒவ்வொரு படியாக நின்று இறங்கினார். அம்மா அவர் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். "புருஷன் இல்ல. ஒரே பய, திருப்பூர்ல. தீப்பெட்டி ஆபீஸ்ல பிஎஃப்னு ஒண்ணும் பிடிக்கல. வயசானா இவ யார்கிட்ட இருப்பா?"

என்னிடம் பதில் இல்லை. மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் நாற்பது வயதுக்கு மேல் சேர முடியாது. முதியோர் உதவித்தொகை 2023-இல் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு ஆனது, அவ்வளவுதான். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் ஒன்று இருக்கிறது, அறுபதுக்குள் பதிய வேண்டும், அறுபதுக்கு மேல் அங்கேயும் ஒரு சின்ன ஓய்வூதியம் உண்டு. அதையாவது செய்வோம் என்றேன். "நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா. மறுநாள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். பதிவு போட்டாயிற்று. அட்டை இன்னும் வரவில்லை. தினமும் சாயந்தரம் போன் பண்ணும்போது, அம்மா முதலில் கேட்பது அதைத்தான்.